கரும்புள்ளியும் ரோஜா டாக்டரும்

தேக்கா சென்டரின் மேல்மாடியில் தையல்கடை வைத்திருக்கும் கமலம் அக்காவுக்குக் கோபம் வரவைப்பது ரொம்பச் சுலபம். அவருடைய துணிக் கத்தரியை எடுத்து ஒரு காகிதத்தை வெட்டினால் போதும். ஒருமுறை பக்கத்துக் கடைப் பெண், ஏதோ பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க அந்தக் கத்தரியைத் தொட்டுவிட்டாள். அக்கா போட்ட சத்தத்தில், கீழே ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம். இதை எங்களிடம் பெருமையாகச் சொன்னதும் அக்காதான்.

மாலையில் ரயில் பிடித்து செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வந்துவிட்டால் அவர் வேறு ஆள். எட்டாவது மாடியில் அவர் வீட்டு வாசலை ஒட்டித் தாழ்வாரம் நெடுக ரோஜாத் தொட்டிகள். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் ரோஜா வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு ரோஷம் பிடித்த செடி என்று. வாங்கிவந்த வாரம் பூக்கும். அடுத்த வாரம் முறைத்துக்கொள்ளும். அதற்கடுத்த வாரம் குப்பைக்குப் போகும். அக்காவின் ரோஜாக்கள் மட்டும் வருஷக்கணக்காகப் பூத்தன. வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒன்றைக் கொண்டையில் செருகிக்கொண்டுதான் கடைக்குப் போவார். வாடிக்கையாளர்கள் யாராவது பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், அளவெடுக்கும் டேப்பைக் கீழே வைத்துவிடுவார்.

"நம்ம வீட்டுல பூத்தது. கடையில வாங்குன ரோஜாவ நான் தலையில வச்சே பல வருஷம் ஆச்சு."

அவருக்கு ரோஜா டாக்டர் என்று பெயர் வைத்தவர் ஆறாம் மாடி நெய்னா முகம்மது பாய். கப்பலுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே ஒரு சிவப்பு ரோஜா, அக்கா கொடுத்த குச்சியிலிருந்து வளர்ந்தது. அது முதல் பூ விட்ட அன்று லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம், "நம்ம டாக்டரம்மா கை ராசி" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவும் அதை உதறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கைப்பையில் ஒரு சின்ன பச்சைப்பிடிக் கத்தரியைப் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவார். யார் வீட்டு வாசலில் ரோஜா இருந்தாலும் நிற்பார். இலையைப் புரட்டுவார், காய்ந்ததை வெட்டுவார், ஸ்பிரே பாட்டிலால் செடியைத் தலையோடு நனைப்பார், அறிவுரை சொல்வார், கோப்பி குடிப்பார், கிளம்புவார். பத்தாம் மாடியில் இருக்கும் என் வீட்டு ரோஜாவுக்கும் அவர்தான் வைத்தியம் பார்த்தார். அந்தச் செடி இப்போது இல்லை.

அக்கா எட்டிப் பார்க்காத வீடு ஒன்றே ஒன்று. அதுவும் அவருடைய மாடியிலேயே, தாழ்வாரத்தின் மறுகோடியில். பள்ளிக்கூடக் கேன்டீனில் உணவுக்கடை நடத்தும் மரியம்மாள் வீடு. முன்பு இருவரும் ஒருவர் வீட்டுக் குழம்பை ஒருவர் ருசி பார்த்தவர்கள்தான். மரியம்மாளின் மகன் கல்யாணத்துக்கு அக்கா பட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். கல்யாணத்தன்று காலையில் கொக்கி மாட்டவில்லை. மரியம்மாள் வேறு ஏதோ பழைய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். அளவைத் தப்பாக எடுத்துவிட்டாள் என்றார் மரியம்மாள். அளவெடுத்த பிறகு ஆள் பெருத்துவிட்டாள் என்றார் அக்கா. இதில் இரண்டாவது வாக்கியம் எப்படியோ முதல் ஆளின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து பேச்சு கிடையாது. லிஃப்டில் சேர்ந்து வந்தால் இருவரும் மாடி எண் மாறுவதையே கண்கொட்டாமல் பார்ப்பார்கள்.

சென்ற மழைக்காலத்தில்தான் இது ஆரம்பித்தது. டிசம்பர் மழை சாய்வாக அடித்துத் தாழ்வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு நாள் காலை, அக்காவின் ரோஸ் நிற ரோஜாவில் கீழ்ப்பக்க இலைகளில் கருப்பாகப் புள்ளிகள். மை சிந்தி ஊறின மாதிரி, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக. இரண்டு நாளில் புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளானது. தொட்டதும் உதிர்ந்தது. உதிர்ந்ததை அக்கா பொறுக்கி அதே தொட்டியில் போட்டார், மக்கினால் உரமாகும் என்று.

"கண்ணுதாங்க. யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்றார் கணவரிடம்.

அழகேசன் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்தே வேலை பார்த்ததாலோ என்னவோ, பேச்சு குறைவு. பேப்பரை மடிக்காமலே சொன்னார்:

"கண்ணு வச்சா எல்லாச் செடியிலயும் வைப்பாங்க. அது என்ன, கீழ் இலையா பாத்து வைக்கிறாங்க?"

அக்கா எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டினார். புள்ளி பக்கத்துத் தொட்டிக்குப் போனது. அதன் பிறகு ஆளாளுக்குச் சொன்ன வைத்தியமெல்லாம் நடந்தது. பாலில் தண்ணீர் கலந்து தெளித்தால் போகும் என்று கடைக்கு வந்த ஒரு பெண் சொன்னாள். தெளித்தார். மாலைக்குள் தாழ்வாரமே புளித்த வாடை. கீழ்த்தளத்துப் பூனை ஒன்று எட்டு மாடி ஏறி வந்து தொட்டிகளுக்கு நடுவில் குடியேறியது. சமையல் சோடாவைக் கரைத்துத் தெளித்தார். அளவு கூடிப்போய்த் துளிர்கள் கருகின. கடைசியில் மஞ்சள்தூள். கிருமிக்கு மஞ்சளை மிஞ்சி என்ன இருக்கிறது என்று ஒரு பாக்கெட்டையே தூவிவிட்டார். தாழ்வாரம் கல்யாண வீடு மாதிரி ஆனது. எந்த இலை நோயில் மஞ்சளானது, எது மஞ்சளில் மஞ்சளானது என்று அக்காவுக்கே தெரியவில்லை.

இதோடு நின்றிருந்தால் அது அவர் வீட்டுச் சங்கதியாக முடிந்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததே! அக்கா வழக்கம்போல வீட்டில் நோய் இலைகளையெல்லாம் வெட்டிவிட்டு, பச்சைப்பிடிக் கத்தரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மழைக்காலம் அல்லவா, எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் கூடுதலாகவே வெட்டினார். கூடுதலாகவே நனைத்தார்.

அடுத்த வாரம் நெய்னா பாய் செடியில் புள்ளி. அப்புறம் நாலாம் மாடிச் சீனர் கோ அங்கிள் வீட்டில். அப்புறம் என் வீட்டில். எங்கள் புளோக்கில் செடி வளர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. பூப் படத்தோடு காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த குழுவில் இப்போது வியாதி இலைகளாக வந்து விழுந்தன. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே வேண்டுகோள்: கமலம் சீக்கிரம் வரவும். நோய் பெருகப் பெருக டாக்டருக்கு மவுசு கூடியது. ஞாயிறு மட்டும் போதாமல் புதன்கிழமையும் சுற்றுக்குப் போக ஆரம்பித்தார். புதன்கிழமைச் சுற்றுக்குப் பிறகு நோய் இன்னும் வேகமாகப் பரவியது.

ஜனவரி பாதியில் அக்காவின் செடிகள் முள்ளும் குச்சியுமாக நின்றன. வெள்ளிக்கிழமை வந்தது. கொண்டைக்குப் பூ இல்லை. பூ இல்லாமல் தேக்காவுக்குப் போனால் என்னாச்சு என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் மானம் போகும். அக்கா ரயிலை விட்டு இறங்கி, தேக்கா பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் கேம்பல் லேனுக்கு நடந்தார். பூக்கடையில் ஒரு ரோஜாவை வாங்கிச் செருகிக்கொண்டு, சுற்றுவழியில் கடைக்கு வந்தார்.

"அக்கா, இன்னிக்குப் பூ கொள்ளை அழகு. வீட்டுல பூத்ததா?" என்றாள் பக்கத்துக் கடைப் பெண்.

"ம்" என்றார் அக்கா. ஊசியில் நூல் கோப்பது அன்றைக்கு ரொம்பக் கஷ்டமான வேலையாக இருந்தது.

அடுத்த வெள்ளியும் அதேதான். அதற்கடுத்த வெள்ளி, பூக்கடைப் பெண்ணுக்கு இவரை அடையாளம் தெரிந்துவிட்டது. கூட்டத்துக்கு மேலாக, "வாங்கக்கா! எப்பவும் போல சிவப்பு ரோஜாதானே?" என்று உரக்கக் கேட்டாள். அக்கா தலையாட்டிவிட்டுத் திரும்பினால், கையில் மல்லிகைச் சரத்தோடு நிற்பவர் மரியம்மாள். பள்ளி விடுமுறையோ, உடம்புக்கு முடியாத லீவோ தெரியாது, தேக்காவுக்குச் சாமான் வாங்க வந்திருந்தார். மரியம்மாள் ரோஜாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மல்லிகைச் சரத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்று தைத்த எல்லாவற்றையும் அக்கா மறுநாள் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. மரியம்மாளும் அந்த வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறாரே! ஒரே ஒரு வரி எழுதினால் போதும். போன் கிணுகிணுத்தபோதெல்லாம் அக்கா கை வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். எடுத்துப் பார்த்தால் யாருடைய கரும்புள்ளியோதான். ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும். மரியம்மாள் எழுதவில்லை. வாயாலும் யாரிடமும் சொல்லவில்லை என்பது, நெய்னா பாய் எப்போதும் போல "டாக்டரம்மா" என்று கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது.

எதிராளி சண்டைக்கு வராவிட்டால் அக்காவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. காட்டிக்கொடுக்காமல் விட்ட நன்றியில் பாதியும் குறுகுறுப்பில் பாதியுமாகத்தான் அவர் பல காலத்துக்குப் பிறகு தாழ்வாரத்தின் அந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மரியம்மாள் வாசலில் ஒரு பழைய பெயின்ட் வாளி. அதில் ஒரு மஞ்சள் ரோஜாச் செடி. வாளி அழுக்கு. செடி கோணல். ஆனால் அடி முதல் நுனி வரை பச்சை. ஒரு புள்ளி இல்லை. மேலே மூன்று பூ.

புளோக் முழுக்கப் பரவின நோய் இந்த வாளிக்கு மட்டும் ஏன் வரவில்லை? ஏதோ ரகசிய மருந்து இருக்கிறது என்று அக்கா முடிவு கட்டினார். லிஃப்டுக்குப் போகிற சாக்கில் தேவையில்லாமல் அந்த வழியே நடந்து வாளியை மோப்பம் பிடித்தார். ஒரு வாடையும் இல்லை. குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"என்ன வேணும்?" என்றார் மரியம்மாள், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

"ஒண்ணுமில்ல. உங்க ரோஜா…"

"என் ரோஜாவுக்கு என்ன?"

"அதுக்கு ஒண்ணும் இல்லையே, அதத்தான் கேக்க வந்தேன்."

மரியம்மாளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு கதவின் பூட்டைத் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"என்ன மருந்து அடிக்கிறீங்க?" என்று அக்கா கேட்டார்.

"மருந்தா? அதுக்கெல்லாம் எங்க நேரம்? காலையில கேன்டீனுக்கு ஓடும்போது ஒரு சொம்பு தண்ணிய மண்ணுல ஊத்திட்டு ஓடுவேன். அவ்வளவுதான் லா."

"இலைக்குத் தெளிக்க மாட்டீங்களா? சாயங்காலம் குளிப்பாட்ட வேணாமா?"

"குளிப்பாட்டணுமா? செடி என்ன பள்ளிக்கூடமா போயிட்டு வருது?"

அக்கா தன் தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் தினமும் கடையிலிருந்து வந்ததும் எல்லாச் செடிகளையும் ஷவர் வைத்துத் தலையோடு குளிப்பாட்டித்தான் தூங்க வைப்பார்.

"வேற ஒண்ணுமே பண்றதில்லையா?"

மரியம்மாள் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு இருக்கு. சொன்னா கோவிச்சுக்குவீங்க."

"சொல்லுங்க. நான் எதுக்குக் கோவிச்சுக்கப் போறேன்?"

"உங்க கத்தரி என் செடிப் பக்கம் வரல. வேற வித்தியாசம் ஒண்ணும் எனக்குத் தெரியல."

அக்காவின் முகம் மாறிவிட்டது. மரியம்மாள் அவசரமாகத் தொடர்ந்தார்.

"இல்ல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க ஒரு வீட்டுல நோய் இலைய வெட்டுறீங்க. அதே கையோட, அதே கத்தரியோட அடுத்த வீட்டுக்குப் போறீங்க. அடுத்த வாரம் அந்த வீட்டுல புள்ளி. எங்க ஸ்டால்ல கோழி வெட்டுன கத்தியக் கழுவாம வெள்ளரிக்கா வெட்டுனா, அன்னிக்கே கடைய மூடச் சொல்லிருவாங்க. கோழிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை. செடிக்கு மட்டும் வேற நியாயமா?"

"நான் நோயப் பரப்புறேன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல. நீங்கதான் கேட்டீங்க."

அக்கா வீட்டுக்குத் திரும்பினார். நடையில் இருந்த வேகத்துக்கு இரண்டு தொட்டிகள் ஆடின.

"ஒரு ரவிக்கைக்காக எவ்வளவு பெரிய பழியப் போடுறா பாத்தீங்களா!" என்றார் கணவரிடம். நடந்ததையெல்லாம் சொன்னார். அழகேசன் அண்ணன் வழக்கத்துக்கு மாறாகப் பேப்பரை மடித்து வைத்தார். அதுதான் அக்காவுக்குச் சங்கடமாக இருந்தது. சோபாவில் கால் நீட்டியிருந்த மகள் வர்ஷா போனில் தேடிப் படித்தாள்.

"ம்மா, இது பிளாக் ஸ்பாட். ஃபங்கஸ்மா, பூஞ்சை. லீஃப் ரொம்ப நேரம் ஈரமா இருந்தா ஒட்டிக்குமாம். தண்ணி ஸ்பிளாஷ் ஆகும்போது ஸ்ப்ரெட் ஆகும், கை, கத்தரி மூலமாவும் ஆகும். விழுந்த இலைல உயிரோட இருக்குமாம், சோ அதை தொட்டியிலயே போடக் கூடாது. ஈவ்னிங் தண்ணி ஊத்தாதீங்கன்னு போட்டிருக்கு." நிமிர்ந்து பார்த்தாள். "ம்மா… நீங்க எல்லாத்தையும் கரெக்டா ஆப்போசிட்டா பண்ணிருக்கீங்க."

"போனைக் கீழ வச்சுட்டுப் போய்ச் சாப்பிடு" என்றார் அக்கா.

மறுநாள் கடையில் கூட்டம் குறைவாக இருந்த நேரத்தில் அக்கா கைப்பையிலிருந்து பச்சைப்பிடிக் கத்தரியை எடுத்துத் தையல் மெஷின் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். இரண்டு தகடும் சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில் பிசுக்கு. எத்தனை வீட்டு இலைச்சாறு அதில் காய்ந்திருக்கிறதோ! பக்கத்திலேயே அவருடைய துணிக் கத்தரி, துடைத்து எண்ணெய் போட்டு, தனி உறைக்குள் பளபளவென்று இருந்தது. காகிதம்கூடப் படக் கூடாது என்று அதற்குக் காவல் இருந்தவர், இதை ஒரு நாள்கூடத் துடைத்ததில்லை. அக்காவுக்கு அழுகை வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கடைப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும்போல இருந்தது. கொடுத்தார். அவள் ஏனென்று புரியாமல் பயந்துகொண்டே குடித்தாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால் நெய்னா பாய் வாசலில் காத்திருக்கிறார். கையில் ஒரு தூக்கில் பிரியாணி.

"பேத்திக்குப் பிறந்தநாள், டாக்டரம்மா. நீங்க நம்ம செடிக்காக எவ்வளவு பாடுபடுறீங்க! அது பொழைக்காட்டியும் பரவால்ல. உங்க அக்கறைக்கே நாங்க கடமைப்பட்டிருக்கோம்."

அந்தப் பிரியாணியை அக்கா கணவர் பக்கமே தள்ளிவிட்டார். அழகேசன் அண்ணன் இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

அண்ணன் சாப்பிட்டு முடித்ததும் அக்கா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. நானும் கேட்டேன். பின்னணியில் குழாய் சொட்டுகிற சத்தம்.

"எல்லாருக்கும் வணக்கம், கமலம் பேசறேன். நம்ம ரோஜாவுக்கெல்லாம் வந்திருக்கிறது பூஞ்சை. அது மழையில எனக்கு வந்துச்சு, என் கத்தரியில உங்களுக்கு வந்துச்சு. நான்தான் வீடு வீடாக் கொண்டாந்து குடுத்திருக்கேன். சாயங்காலம் குளிப்பாட்டச் சொன்னதும் தப்பு. உதிர்ந்த இலையத் தொட்டியில போடச் சொன்னதும் தப்பு. இதக் கண்டுபிடிச்சது நானில்ல, எங்க மாடி மரியம்மாக்கா. இன்னொண்ணு. இத்தனை வெள்ளிக்கெழமையா நான் தலையில வச்சிருந்தது கடையில வாங்குன பூ. அவ்வளவுதான்."

கடைசி விஷயத்தை யாரும் கேட்கவே இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் முழுதாகச் சொல்லிவிடுவது அக்காவின் குணம்.

தமிழ் தெரியாதவர்களுக்காக உடனே இரண்டாவது பதிவும் வந்தது. அது சுருக்கம்: "ஹலோ. மை சிசர்ஸ் சிக். சோ யுவர் பிளான்ட் சிக். சாரி ஆ."

பிறகு கோ அங்கிள் தன்னுடைய மொட்டைச் செடியின் படத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் ஒரு கத்தரியும் வைத்தார். அதைத் தொடர்ந்து ஆளுக்கொரு சிரிப்பு முகம். நெய்னா பாய் எழுதப் படிக்கச் சோம்பல்பட்டு நேராகவே மேலே வந்துவிட்டார். தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்திருந்தார்.

"பரப்புனது நீங்கதானே? அப்ப தீக்கிறதும் நீங்கதான்" என்றார்.

அவருக்குப் பின்னால் மரியம்மாள் நின்றிருந்தார். ஒரு கையில் கேன்டீனிலிருந்து கொண்டுவந்த கையுறைப் பெட்டி. இன்னொரு கையில் ஒரு துணிப்பை. பை எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. கல்யாண ரவிக்கையின் பட்டுக் கரை தெரிந்தது.

"உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். பிரிச்சு விட்டா சரியாயிரும்" என்றார் அக்கா.

"அப்ப அளவு தப்புன்னு ஒத்துக்கிறீங்க."

"அளவு சரிதான்."

"நான் குண்டாகல."

"யாரு சொன்னா? துணி சுருங்கிருச்சு."

"ஆமா. நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் மரியம்மாள். பட்டு அப்படிச் சுருங்காது என்று இருவருக்கும் தெரியும். துணியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருவரும் நிம்மதியானார்கள். "சரி, கத்தரிய எடு கமலம்" என்றார் மரியம்மாள். அந்த 'எடு'வில் பழைய உறவு திரும்பிவிட்டதை அழகேசன் அண்ணன்கூடக் கவனித்து நிமிர்ந்தார்.

அந்த ஞாயிறு எங்கள் புளோக்கில் பெரிய அமளி. அக்கா மறுபடி மாடி மாடியாக ஏறி இறங்கினார். இந்தத் தடவை கூடவே மரியம்மாள், ஒரு பாட்டில் ஸ்பிரிட்டோடும் பஞ்சோடும். ஒவ்வொரு செடிக்குப் பிறகும் கத்தரியைத் துடைக்க வேண்டும், கையுறையை மாற்ற வேண்டும். அக்கா மறந்தால் மரியம்மாள் கையிலேயே ஒரு தட்டுத் தட்டினார். புள்ளி விழுந்த இலை ஒன்றுகூட மிச்சமில்லாமல் போனது. தொட்டிக்குள் கிடந்த சருகெல்லாம் வழித்துப் பையில் கட்டிக் மாடியிலிருந்து குப்பை தள்ளும் குழாய்க்குள் போனது. மேல்மண்ணைச் சுரண்டிப் புதுமண் போட்டார்கள். நெருக்கியடித்திருந்த தொட்டிகளைக் காற்று புகும்படி நகர்த்தினார்கள். நர்சரியில் கேட்டு வாங்கிய பூஞ்சை மருந்தை, அட்டையில் போட்டிருந்த அளவுக்குச் சொட்டுக்கூடக் கூட்டாமல் கலந்து தெளித்தார்கள். அந்த அளவு விஷயத்தில் மட்டும் அக்காவின் கை இரண்டு தடவை கூட ஊற்ற நீண்டது. மத்தியானத்துக்குள் எல்லா மாடி ரோஜாக்களும் பழனிக்குப் போய்வந்த கோலத்தில் நின்றன.

எல்லாம் பிழைத்தன என்று சொல்ல முடியாது. என்னுடையது போய்விட்டது. நெய்னா பாயுடையதும் பிப்ரவரியில் அடியோடு காய்ந்தது. அக்கா தானே போய் அதை வேரோடு எடுத்தார். பாய் அந்தத் தொட்டியில் மிளகாய் நட்டார். மிளகாய்க்கு யாரையும் டாக்டராக வைத்துக்கொள்ளவில்லை. அக்காவின் செடிகளில் பாதிக்கு மேல் துளிர்த்தன. ரோஸ் நிறச் செடி கடைசியாக, எல்லோரும் கைவிட்ட பிறகு, ஒரு சிவந்த துளிரை நீட்டியது. மழை பெய்தால் இன்றைக்கும் ஒன்றிரண்டு புள்ளி வரத்தான் செய்கிறது. இந்த ஊர் ஈரத்தில் அது முழுக்கப் போகாது என்று அக்காவே இப்போது சொல்கிறார். பார்த்த அன்றே இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டிவிடுகிறார். தண்ணீர் காலையில், மண்ணுக்கு மட்டும்.

ஆனாலும் ஒரு வருத்தம் அவருக்கு உண்டு. தீபாவளி நெருங்கினால் தேக்காவில் தையல்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. அந்த மாதம் முழுவதும் அக்கா விடியக் கிளம்பி, ஊர் அடங்கித்தான் வந்தார். செடிப் பக்கமே திரும்பவில்லை. அழகேசன் அண்ணன்தான் காலையில் செடிக்கொரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். தீபாவளிக்கு முந்தின நாள் கடையை முடித்துவிட்டு வந்த அக்கா, லிஃப்ட் கதவு திறந்ததும் திகைத்து நின்றார். தாழ்வாரம் நெடுக ரோஜா. ஒரு செடி பாக்கியில்லாமல், இதற்கு முன் எந்த வருஷமும் பூக்காத மாதிரி.

"என்னங்க, இதுகளுக்கு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல" என்றார் அண்ணன்.

அக்கா செருப்பைக் கழற்றாமல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இல்லாதப்பதான் பூக்கணும்னு இருந்திருக்குங்க, பாருங்க" என்றார்.

"அதுங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல" என்று சொல்லிவிட்டு, அண்ணன் அவருக்கு டீ போட உள்ளே போனார்.